பாகம் பிரியட்டும், கூரை பிரிய வேண்டாம்

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் பாட்டன் கட்டிய வீட்டையும் மாட்டுச் சாளையையும் பொதுவில் வைத்துவிட்டு ஆளுக்கோர் ஊரில் குடியிருக்கும் பங்காளிகளுக்கும், அதே வீட்டில் பிறந்து வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட அக்கா தங்கைகளுக்கும்,



நானும் உங்களில் ஒருத்திதான். காங்கயம் வட்டத்தில் எங்கள் தோட்டத்து வீட்டையும் அதை ஒட்டிய மாட்டுச் சாளையையும் சில ஆண்டுகளாகப் பழுதுபார்த்து, அங்கேயே குடியிருந்து பராமரித்து வருகிறேன். அந்த வேலையில் கற்றதைச் சொல்லவும், ஒன்றைக் கேட்டுக்கொள்ளவும் இந்த மடல். கேட்பது இதுதான்: சொத்தைப் பாகம் பிரிப்பதில் உங்களுக்குள் என்ன வழக்கு இருந்தாலும் இருக்கட்டும், அது தீரும்வரை கூரையை மட்டும் எல்லாரும் சேர்ந்து பொதுச் செலவில் காப்பாற்றி வையுங்கள்.

தாராபுரம் சாலையிலோ வெள்ளகோவில் பக்கமோ போகும்போது கவனித்துப் பாருங்கள். கிளுவை வேலிக்கு அப்பால் முகடு உட்கார்ந்துபோன ஓட்டு வீடுகள் தெரியும். சுவர் நேராகத்தான் நிற்கும். கல்தூணும் அசைந்திருக்காது. நடுவில் கூரை மட்டும் இறங்கி, ஆசாரத்துக்குள் சீமைக்கருவேலம் முளைத்திருக்கும். அக்கம்பக்கத்தில் விசாரித்தால், வீட்டுக்கு வயதாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. "பாகம் ஆகலீங்க" என்பார்கள். பாகம் ஆகாத வீட்டில் யார் கை வைப்பது? அண்ணன் செலவு செய்தால் வீட்டையே அவன் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான் என்று தம்பிக்குத் தோன்றும். தம்பி ஓடு மாற்றினால் அந்தக் கணக்கைப் பேசும்போது சண்டை வரும். இதற்குப் பயந்து ஒருவரும் ஏணி வைப்பதில்லை. கையெழுத்து ஆகும்வரை பங்காளிகள் காத்திருக்கலாம். மழை காத்திருக்காது.

ஓட்டு வீடு விழும் விதம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உடுமலை, பல்லடம், தாராபுரம் பகுதியெங்கும் காற்றாலைகளை நட்டதே அந்தக் காற்றை நம்பித்தான். அந்தக் காற்று கூரையின் மேற்குச் சரிவில் ஏதோ ஓர் ஓட்டை நகர்த்திவிடும். ஐப்பசியில் அந்தச் சந்து வழியாகத் தண்ணீர் இறங்கி ரீப்பரை நனைக்கும். ரீப்பர் உளுத்ததும் அதன்மேல் இருக்கும் ஓட்டு வரிசை தொங்கும். அடுத்தது கைமரம். கைமரத்தின் வழியாகத் தண்ணீர் சுவரின் தலைக்கு வந்துவிட்டால், மண்சுவராக இருந்தாலும் மண்சாந்தில் கட்டிய கல்சுவராக இருந்தாலும் உள்ளுக்குள் கரையத் தொடங்கும். அதற்குப் பிறகு நடப்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாது; ஒரு நாள் சுவர் பிளந்து நிற்கும்போதுதான் தெரியும். முதல் கட்டத்தில் ஓர் ஆள் ஏறி அரை நாளில் சரிசெய்திருக்கலாம்.

ஆகவே ஆண்டில் இரண்டு முறை கூரையைப் பாருங்கள். ஆடிக்கு முன்னால் ஒரு முறை, ஆடிக்காற்று ஓய்ந்து ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு முறை. மேலே ஏற வேண்டியதுகூட இல்லை. உச்சி வெயிலில் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் பொட்டாகத் தெரிகிறதோ, அதற்கு நேர்கீழே தரையில் சுண்ணக்கட்டியால் குறி போடுங்கள். ஓடு மாற்றுகிறவர் வந்ததும் அந்தக் குறிகளைக் காட்டினால் போதும், தேட வேண்டியதில்லை. முகட்டு ஓட்டின் காரை பெயர்ந்திருக்கிறதா, இரண்டு சரிவு சேரும் பள்ளத்தில் சருகு அடைத்திருக்கிறதா என்பதை அவரையே பார்க்கச் சொல்லுங்கள். ஒழுக்கு அதிகமும் அந்தப் பள்ளத்தில்தான்.

ஓட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பழையவை நாட்டு ஓடு வேய்ந்தவை. குயவர் சக்கரத்தில் செய்த வளைந்த ஓடு. சீமை ஓடு என்று நாம் சொல்லும் தட்டை ஓடு பிறகு வந்தது. பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து அது பரவியது. பின்னர் கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் ஃபெரோக்கிலும் ஓட்டு ஆலைகள் வந்தன. உங்கள் கூரையில் ஒரு சீமை ஓட்டைப் புரட்டினால் அடியில் ஆலையின் பெயரும் முத்திரையும் இருக்கும். அழகுக்காக இதைச் சொல்லவில்லை. ஓர் ஆலையின் ஓடு இன்னோர் ஆலையின் ஓட்டோடு சரியாகக் கவ்வாது. காடி அளவு மயிரிழை மாறினாலும் சந்து விழும். எனவே உடைந்ததற்கு மாற்று வாங்கும்போது அதே முத்திரை கிடைக்கிறதா என்று பழைய ஓடு விற்கும் இடங்களில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மாட்டுச் சாளையின் கூரையில் இருக்கும் ஒரே முத்திரை ஓடுகளை வீட்டின் மேற்குச் சரிவுக்கு ஏற்றிவிட்டு, புதியதைச் சாளையில் மொத்தமாகப் போடுங்கள். ஒரு சரிவுக்கு ஒரே ஆலை ஓடு என்பதே நாங்கள் கடைப்பிடிக்கும் முறை.

மரத்தைப் பொறுத்தவரை நம் முன்னோர் கெட்டிக்காரர்கள். விட்டத்துக்கு வேம்பு, வசதி இருந்தவர்கள் தேக்கு, கைமரத்துக்குப் பனை. முற்றிய பனையின் வெளிவட்டம்தான் வைரம். நடுவில் இருப்பது வெறும் நார்ச்சோறு. அந்த வெளிவட்டத்தைப் பிளந்து செதுக்கிய கைமரத்தைக் கரையான் எளிதில் தொடாது. இன்று அப்படி முற்றிய பனையைத் தேடி வெட்டுவது முடியாத காரியம், வெட்டவும் கூடாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது நல்ல முடிவு. அதனால் கூரையில் ஏற்கெனவே இருக்கும் பனைமரம் மறுபடி கிடைக்காத பொருள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கைமரம் முழுவதும் கெடுவது அபூர்வம். சுவருக்குள் செருகியிருக்கும் முனைதான் முதலில் மக்கும், ஏனென்றால் அங்கே காற்று படுவதில்லை. நல்ல ஆசாரி அந்த முனையை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, புதுத்துண்டைச் சாய்வாகப் பொருத்தி ஆணி முடுக்கிவிடுவார். "எல்லாத்தையும் கழட்டிட்டு இரும்பு பைப் போட்றலாங்க" என்று சொல்கிறவரை நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இனிச் சுவர். இங்கேதான் ஆசையோடு பழுதுபார்க்க வருகிறவர்கள்கூட வீட்டுக்குக் கெடுதல் செய்துவிடுகிறார்கள்.

பழைய சுவரில் காரை பெயர்ந்து உள்ளே மண் தெரிந்தால், உடனே சிமெண்ட் குழைத்துப் பூசுகிறோம். பார்வைக்குக் கெட்டியாக இருக்கும். ஓரிரு மழைக்குப் பிறகு பூச்சு உப்பும், வெள்ளையாக உப்புப் பொரியும், பிறகு பாளம் பாளமாக விழும். விழும்போது பழைய சுவரின் மண்ணையும் பிய்த்துக்கொண்டு விழும். "மண்சுவரு நிக்காதுங்க" என்று அப்போது சொல்வார்கள். நூறு வருடம் நின்ற சுவர் அது.

காரணம் எளிது. அஸ்திவாரத்தில் தடுப்பு இல்லாத பழைய சுவர்கள் நிலத்திலிருந்து ஓதத்தை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் உண்டு. ஏறிய ஈரம் அவற்றின் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். ஈரத்தோடு வரும் உப்பு பூச்சின் மேல்பரப்பில் படியும். ஆண்டுக்கொரு முறை வெள்ளையடிக்கும்போது அதைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெளியேற முடியாத ஈரம் உள்ளேயே தங்குகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி அதை நெட்டித் தள்ளுகிறது. இன்னொன்று: வெயிலுக்கும் மழைக்கும் மண்சுவர் கொஞ்சம் விரியும், கொஞ்சம் சுருங்கும். சுண்ணாம்பு அதோடு இணங்கிப் போகும். சிமெண்ட் இணங்காது, வெடிக்கும். வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். வெளியே வர வழி இருக்காது. போர்ட்லாந்து சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824-இல். நம் மதுக்கரையில் ஆலை வந்தது 1930களில். புதிய கான்கிரீட் வீட்டுக்கு அது நல்ல பொருள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பழுதுபார்க்கும் பொருள் பழைய சுவரைவிட மென்மையாக இருக்க வேண்டும். கெட்டியான பொருளைப் பூசினால் அடி வாங்குவது பழைய சுவர்.

சுண்ணாம்பு நமக்கு அந்நியமானதும் இல்லை. ஓடைக்கரையில் பொறுக்கிய சுக்கான்கல்லைக் காளவாயில் சுட்டுத்தான் நம் ஊர்களில் வீடு கட்டினார்கள். ஏறத்தாழ தொள்ளாயிரம் பாகை வெப்பத்தில் கல்லிலிருந்து கரியமில வாயு வெளியேறி அது சுட்ட சுண்ணாம்பாகும். தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். சுவரில் பூசியபின் அதே கரியமில வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல இழுத்து மறுபடியும் கல்லாகும். இந்த 'மெல்ல' என்பதில்தான் பக்குவம் இருக்கிறது. நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் தண்ணீர் வற்றாமல் வாரக்கணக்கில், முடிந்தால் மாதக்கணக்கில் ஊறவிடுங்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை, மூன்று பங்கு சலித்த மணல். உடைத்த கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரை விட்டுக் குழைப்பது பழைய முறை. அதன் அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும், அவர் சொல்கிறபடியே விட்டுவிடலாம். பூசிய சுவரில் நேர்வெயில் படாமல் சாக்கு கட்டி, நாள்தோறும் தண்ணீர் தெளித்து வாருங்கள். அவசரப்பட்டுக் காயவிட்டால் தூளாக உதிரும். மழை முடிந்து வெயில் ஏறாத தை, மாசி இதற்கு ஏற்ற காலம். நீற்றும்போது குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். கொதிக்கும் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஆளை வேலைக்கு இறக்காதீர்கள்.

ஏற்கெனவே சிமெண்ட் பூசிய வீடு என்றால் முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டியதில்லை. தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை மட்டும் பக்குவமாக எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள். பிறகு அந்த அளவுக்குச் சுண்ணாம்பு பூசினால் ஓதம் வெளியேற வழி கிடைத்துவிடும். மேலே இருப்பது தானாகப் பெயரும்போது பார்த்துக்கொள்ளலாம். வெளிச்சுவரில் பளபளக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட் மட்டும் அடிக்காதீர்கள். அதுவும் துளைகளை அடைக்கும்.

சுவரைச் சுற்றியுள்ள தரையையும் பாருங்கள். வாசல் சேறாகிறது என்று வீட்டை ஒட்டிச் சிமெண்ட் தளம் போட்டு உயர்த்தியிருப்பார்கள். முன்பு மண்ணில் இறங்கிய மழைநீர் இப்போது சுவரின் பக்கம் திரும்பும். சுவர் ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குத் தளத்தை உடைத்து எடுத்துவிட்டு ஜல்லி கொட்டி, தண்ணீர் வீட்டைவிட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுங்கள். எங்கள் வீட்டில் மற்ற எந்த வேலையையும்விட இதற்குத்தான் உடனே பலன் தெரிந்தது. சுவர்ச்சந்தில் அரசங்கன்று முளைத்தால் பிடுங்கி இழுக்காதீர்கள், கல்லும் சேர்ந்து வரும். இளசாக இருக்கும்போதே அறுத்து, வேர் காயும்வரை தழைய விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட மாட்டுச் சாளைக்கு நாம் காட்டுவதில்லை. மனம் வைத்து வீட்டை எடுத்துக் கட்டுகிறவர்களும் "அது கெடக்குது, இடிச்சுட்டு கார் நிறுத்தலாம்" என்கிறார்கள். தோட்டத்து வீட்டின் பாதி உயிர் சாளையில்தான் இருக்கிறது. தொண்டுப்பட்டி, கட்டுத்தரை, வண்டிச் சாளை, களம், தட்டுப்போர் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் குடியிருப்பு. வீட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இடித்தால், வீடு எதற்காக அந்த இடத்தில் அப்படி நிற்கிறது என்பதே புரியாமல் போய்விடும்.

சாளையின் கட்டுமானத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். காங்கயம் மாடுகளுக்காகக் கட்டியது அது. தூண்களெல்லாம் கருங்கல், தரையைத் தொடும் இடத்தில் மரமே கிடையாது. அடிச்சுவர் முழங்கால் உயரத்துக்குக் கல். இதற்குக் காரணம் உண்டு. மாட்டு மூத்திரம் மண்ணில் ஊறி வெடியுப்பாக மாறும். பழைய காலத்தில் வெடிமருந்துக்கு வேண்டிய உப்பைக் கட்டுத்தரை மண்ணிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். அந்த உப்பு மண்சுவரிலோ செங்கல்லிலோ ஏறினால் அரித்துவிடும். கருங்கல்லில் ஏறாது. அதனால்தான் அடியில் கல், தரையில் கற்பலகை, பின்பக்கம் வாட்டம், வாட்டத்தின் முடிவில் வாய்க்கால், வாய்க்கால் போய்ச் சேருமிடம் குப்பைக்குழி. குழியின் எரு காட்டுக்குப் போகும். பழுதுபார்க்கும்போது இந்த வாட்டத்தைக் கெடுத்துவிடாதீர்கள். நாற்பதடிக்கு ஓரடி அளவுக்காவது சரிவு இருக்க வேண்டும். வழுவழுப்பான சிமெண்ட் தரை போட்டால் மாடு சறுக்கிக் கால் முறியும். கற்பலகையில் வழுக்கல் வந்திருந்தால் உளியால் மறுபடி கொத்திவிட்டால் போதும்.

கூரைக்குத் தகரமோ கல்நார் அட்டையோ போடுவதுதான் இன்று வழக்கம். செலவு குறைவு, வேலை சுருக்கு. சித்திரை வெயிலில் தகரத்தின் கீழே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், மாடு என்ன பாடுபடும் என்று தெரியும். கல்நார் அட்டை உடைந்தால் அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு, வாங்கவே வேண்டாம். கையில் காசு இல்லையென்றால், பாதிச் சாளைக்காவது ஓடு போட்டு மாட்டை அங்கே கட்டுங்கள். சுவரின் மேல்பாதி திறந்தே இருக்கட்டும். காற்று வருகிறது என்று அடைத்தால் மூத்திர நெடி உள்ளே தங்கி, மாட்டுக்கும் கூரை மரத்துக்கும் ஒருசேரக் கெடுதல்.

களத்துப் பக்கம் சோளம் கொட்டிவைக்க வெட்டிய நிலத்தடிக் குழி உங்கள் தோட்டத்திலும் இருக்கக்கூடும். வாயைக் கற்பலகை மூடி, மேலே மண் மூடிக் கிடக்கும். அது தெரியவந்தால் ஆவலில் யாரும் உள்ளே இறங்கிவிடாதீர்கள். நெடுங்காலம் மூடிக் கிடந்த குழியில் மூச்சுக்காற்று இருக்காது. இறங்கினவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கினவரும் விழுவார். வாயைத் திறந்து போட்டுவிட்டு, சுற்றி வேலி கட்டி, விவரம் தெரிந்தவரை அழைத்து வாருங்கள். பழைய மின்கம்பிகளுக்கும் அதே எச்சரிக்கை. மரச்சட்டத்தின் மேல் ஓடும் பழைய வயரை எலி கடித்திருக்கும். தட்டும் வைக்கோலும் இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். வெள்ளையடிப்பதற்கு முன்பே வயரை மாற்றிவிடுங்கள்.

இப்போது பெண்மக்களுக்கு. "நமக்கென்ன, அது அண்ணன் தம்பி பாடு" என்று ஒதுங்கி நிற்காதீர்கள். தமிழ்நாடு 1989-இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திப் பூர்விகச் சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்தது. அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமானவர்கள் மட்டும் அதில் விடுபட்டார்கள். 2005-இல் வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. அது மகளுக்குப் பிறப்பால் வரும் உரிமை, 2005-இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பதிவான பாகப்பிரிவினைகள் இதில் சேரா. உங்கள் குடும்பத்துக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது, பங்கு உண்டென்றால் பொறுப்பும் உண்டு. கூரைச் செலவில் உங்கள் பங்கைக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, எதை இடிப்பது எதை வைப்பது என்ற பேச்சில் உங்கள் குரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாளில் மட்டும் பிறந்த வீட்டுக்கு அழைக்கப்படும் நிலை மாற வேண்டும்.

பங்காளிகளுக்கு ஒரு யோசனை. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத எத்தனை காலமானாலும் ஆகட்டும். அதுவரைக்கும் ஒரு தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கும் சாளைக்கும் ஆண்டுதோறும் ஆகும் ஓட்டுச் செலவு, வெள்ளையடிக்கும் செலவு, மரச்செலவு ஆகியவற்றைப் பங்குப்படி எல்லாரும் தருவது. ஒருவர் முன்கூட்டிக் கொடுத்தால் கணக்கில் எழுதிப் பாகத்தின்போது கழித்துக்கொள்வது. இந்தச் செலவால் யாருக்கும் தனி உரிமை வராது, யாருடைய உரிமையும் குறையாது. எல்லாருடைய கையெழுத்தும் இல்லாமல் கதவு, தூண், விட்டம் எதையும் கழற்றி விற்பதில்லை. இவ்வளவுதான். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லாரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தாலும் வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் இப்படி எழுதிக்கொள்ள முடியும். சண்டையில் இருக்கும் அண்ணன் தம்பிகள் இதில் மட்டும் ஒத்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன். கூரை விஷயத்தில் யாருக்கும் லாபமும் இல்லை, தோல்வியும் இல்லை என்பதால் ஒத்துப்போக முடிகிறது.

எதையும் கழற்றி விற்பதில்லை என்ற கடைசி நிபந்தனையை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டைத் தேடிப் பழைய மரச்சாமான் வாங்குகிறவர்கள் வருவார்கள். நிலைக்கதவுக்கு ஒரு விலை, தூணுக்கு ஒரு விலை. செட்டிநாட்டு வீடுகள் பல இப்படித்தான் துண்டு துண்டாகக் காரைக்குடிக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. நிலையைக் கழற்றிய சுவர் நிற்காது. கதவு போன வீட்டுக்குள் ஆடும் நாயும் நுழையும். அடுத்த மழையில் கதை முடியும். எடுத்து நிறுத்தவே முடியாத நிலையில் இருக்கும் வீடுகளும் உண்டு, மறுக்கவில்லை. சுவர் வெளிப்பக்கம் பிதுங்கி, அஸ்திவாரமே இறங்கியிருந்தால் பொறியாளரைக் காட்டி, அவர் சொன்னால் இறக்கத்தான் வேண்டும். அப்போதும் அளவெடுத்து, படமெடுத்து, மரத்துக்கெல்லாம் எண்ணிட்டு இறக்குங்கள். முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தக்ஷிணசித்ராவில் தென்னிந்திய வீடுகளை அப்படிப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். சாளையின் கற்களையும் பனங்கைகளையும் உங்கள் புதுவீட்டிலேயே சேர்க்கலாம்.

இந்த வீடுகளைக் காக்கச் சொல்லும்போது ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை. களத்தில் கதிரடித்தவர்களும், சாளையில் சாணி அள்ளியவர்களும், சுண்ணாம்பு மிதித்துச் சுவர் எழுப்பியவர்களும் இந்த ஆசாரத்துக்குள் வர விடப்படவில்லை. பல வீடுகளில் வாசலைத் தாண்டவே அனுமதி இல்லை. சுவரை மீட்பவர்கள் அந்த வழக்கத்தை மீட்கக் கூடாது. இன்று சுண்ணாம்பு வேலையும் கல்வேலையும் அறிந்த முதியவர்களில் பலர் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே. அவர்களை ஆசாரத்தில் உட்கார வைத்துச் சோறு போடுங்கள், நல்ல கூலி கொடுங்கள், உங்கள் ஊர் இளைஞர் இரண்டு பேரை அவர்களிடம் வேலை பழக வையுங்கள். அந்தக் கைகளோடு இந்தத் தொழிலும் போய்விட்டால், காசு இருந்தாலும் சுண்ணாம்புப் பூச்சுக்கு ஆள் கிடைக்காது.

பழுதுபார்த்து முடித்த வீட்டைப் பூட்டி வைப்பதும் அதைக் கைவிடுவதும் ஒன்றுதான். ஆள் புழங்கும் வீட்டில் கரையான் புற்று சுவரில் ஏறும்போதே கண்ணில் படும், அன்றைக்கே தட்டிவிடுவார்கள். அடுப்புப் புகை கூரை மரத்தைப் பூச்சி அண்டாமல் வைத்திருந்தது. இன்று விறகடுப்பு இல்லாத வீட்டில் வேப்பெண்ணெய் பூச வேண்டியிருக்கிறது. குடியிருக்க உங்களில் யாராலும் முடியாவிட்டால், தோட்டத்தைக் குத்தகைக்குப் பார்ப்பவரையே வீட்டில் குடிவையுங்கள். வாடகை வாங்காதீர்கள், கூரையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நம் பெரியவர்கள் வீட்டுப் பராமரிப்பைப் பண்டிகையோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள்: தைக்கு முன்னால் வெள்ளையடித்து, பொங்கலுக்கு முதல்நாள் வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்து வீட்டு இறவானத்திலும் சாளையிலும் காப்புக் கட்டி, பட்டிப் பொங்கலன்று எல்லாரும் கட்டுத்தரையில் கூடினார்கள். காப்புக் கட்ட இறவானத்தை அண்ணாந்து பார்க்கும்போதே உளுத்த ரீப்பர் தெரிந்துவிடும். நீங்களும் பொங்கலுக்குப் பிள்ளைகளோடு வாருங்கள். சுண்ணாம்புத் தூரிகையை அவர்கள் கையிலும் கொடுங்கள்.

அதற்கு முன்னால் ஐப்பசி மழை இருக்கிறது. இந்த மடலை உங்கள் பங்காளிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் அனுப்புங்கள். இந்த வாரத்திலேயே ஒரு தாளில் அந்த ஒப்பந்தத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பாகத்தைப் பற்றி மழை ஓய்ந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். புரட்டாசி முடிவதற்குள் கூரைக்கு ஆள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
காங்கயம் வட்டத்துத் தோட்டத்து வீடொன்றின் பங்குக்காரி